பிரௌன்: ஒரு மண் வட்டத்தின் மறைவு

நெல்லடிக்கும் களத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வயலோரம் கொஞ்சம் மேடான இடம். புல்லைச் செதுக்கி, மண்ணை இறுக்கி, சாணி மெழுகி, காலில் ஒரு கல் உறுத்தாதபடி வழித்து வைத்திருப்பார்கள். சுற்றிலும் வரப்பும் கோரையும் முள்ளும் தன் போக்கில் கிடக்க, அந்த ஓர் இடம் மட்டும் கை பட்ட இடம் என்று தூரத்திலிருந்தே தெரியும். அதே களத்தை 40 அடி விட்டத்தில் வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். சாணிக்குப் பதில் எண்ணெய் கலந்த மணல். நடுவில் நாலேகால் அங்குல அகலத்தில் ஒரு குழி, குழியில் ஒரு கம்பு, கம்பில் ஒரு துணி. அதுதான் பிரௌன்.

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் கடைசியாகக் குழிக்குள் உருட்டுகிற இடத்துக்கு உலகெங்கும் கிரீன் என்று பெயர். கம்பளம் விரித்ததுபோல நறுக்கிய பசும்புல். அந்தப் புல்லை வாழவைக்கத் தண்ணீர் இல்லாத ஊர்களில் மணலைப் பரப்பி ஆடினார்கள்; நிறத்தைப் பார்த்து அதற்கு பிரௌன் என்று பெயர் விழுந்தது. ராணுவக் குடியிருப்புகளிலும் ரயில்வே காலனிகளிலும் சுரங்க ஊர்களிலும் எத்தனையோ பேர் கோல்ஃப் கற்றது இந்த மணல் வட்டங்களில்தான். கல்கத்தாவில் 1829-லும் பெங்களூரில் 1876-லும் கிளப் தொடங்கிய கதை எல்லா கோல்ஃப் புத்தகத்திலும் இருக்கிறது. மணல் வட்டத்துக்கு அப்படி ஒரு பக்கமும் ஒதுக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் இருப்பது மைசூரில். காலையில் நடக்கப் போவது குதிரைப் பந்தயத் திடல் பக்கம். ஓடுதளத்தின் வேலிக்கு உள்ளே ஜயசாமராஜ உடையார் கோல்ஃப் கிளப்பின் பதினெட்டுக் குழி மைதானம் விரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் சாமுண்டி மலை. இன்னொரு பக்கம் 1921-ல் வைஸ்ராய்க்காகக் கட்டத் தொடங்கிய லலித மகாலின் வெள்ளைக் கவிகை. மைதானத்துக்குப் பெயர் கொடுத்த உடையார்தான் பின்னாளில் சென்னை ராஜ்யத்துக்கு ஆளுநராக வந்தவர். குதிரைகள் பயிற்சி ஓடி முடித்த நேரத்தில் தெளிப்பான்கள் சுழலத் தொடங்கும். கிரீன்களில் ஈரம் மினுங்கும். அழகான இடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த மண்ணிலும் முன்பு மணல் வட்டம்தான் இருந்தது. இப்போது ஒன்றுகூட மிச்சமில்லை. வேலியோரம் நிற்கும் இளைஞர்களிடம் பிரௌன் என்றால் என்னவென்று கேட்டால் பழுப்பு நிறம் என்கிறார்கள்.

எனக்கு பிரௌனைக் காட்டியவர் என் தாய்மாமா. நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். பழைய மைசூர் ராஜ்யத்தின் பொன் விளைந்த ஊர். பேச்சோ முழுக்க வட ஆற்காட்டுத் தமிழ். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தபோது வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் எங்கள் முன்னோர் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். சிவசமுத்திரத்தில் காவிரி விழுந்து பிறந்த மின்சாரம் 1902-ல் பெங்களூருக்கும் முன்னால் தங்கவயலுக்குத்தான் போனது. துரைமார்களுக்கு பங்களா, கிளப், டென்னிஸ், கோல்ஃப். எங்களுக்கு லைன் வீடு. இரண்டுக்கும் நடுவில் அந்த கோல்ஃப் மைதானம். அதில் புல் கிரீன் கிடையாது, எல்லாம் பிரௌன்.

மாமா 1950-களின் கடைசியில் அங்கே மட்டைப் பை தூக்கிய பையன்களில் ஒருவர். அவர்களை கேடி என்பார்கள். ஆட்டத்தில் அது ஒரு வேலையின் பெயர். நம் பேச்சில் அதே சத்தத்துக்கு போலீஸ் பட்டியலில் இருப்பவன் என்று பொருள். "என் பையன் கேடி வேலைக்குப் போறான்" என்று பாட்டி யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேடி வேலை போய், மாமாவுக்கு பி.இ.எம்.எல். ஆலையில் வேலை கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மைதானத்துக்குப் போவார். ஆட அல்ல. பிரௌன் போட.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு கோடை லீவில் என்னையும் கூட்டிப் போனார். மழைக்கு முன்னால் மணல் மாற்ற வேண்டும். மணலைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். கொத்தனார் பூச்சு வேலைக்கு வைக்கிற பெரிய சல்லடையைச் சாய்த்து நிறுத்தி, ஒருவர் மண்வெட்டியால் வாரி வாரி அடித்தார். கல்லும் கிளிஞ்சலும் இந்தப் பக்கம், ரவை மாதிரி மணல் அந்தப் பக்கம். லாரி ஷெட்டிலிருந்து டின்னில் வந்த பழைய இன்ஜின் ஆயில் பக்கத்தில் இருந்தது, கறுப்பாக, கருகல் வாடையோடு. சிமெண்டுக் கலவைக்குச் செய்வதுபோல் மணலில் பாத்தி கட்டி, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் புரட்டினார்கள். இத்தனை மணலுக்கு இத்தனை ஆயில் என்று கணக்கு கிடையாது. மாமா ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தார். விரலை விரித்ததும் பிடிகொழுக்கட்டை மாதிரி உருவம் நின்றது. இன்னொரு விரலால் லேசாகத் தட்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பாரு கண்ணு, கை காஞ்சிருக்கு. எண்ணெ மண்ணுக்குத்தான், கைக்கு இல்ல. கை மினுக்குச்சுன்னா பந்து நின்னுடும். மண்ணு பறந்துச்சுன்னா பந்து ஓடிடும்."

தரையை ஏற்கனவே திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கியிருந்தார்கள். குழியில் நட்ட கம்பில் கயிறு கட்டி, கயிற்று முனையில் ஆணி கோத்து வட்டம் இழுத்தார்கள். அதற்குள் இரண்டு அங்குலத்துக்கு மணலைப் பரப்பி, மட்டப் பலகை வைத்து இழுத்தார்கள். கடைசி வேலை மாமாவுடையது. ஒரு முழக் கட்டையில் தேங்காய்நார் மிதியடியை ஆணியடித்து, நீளக் கம்பு செருகி வைத்திருந்தார். அதைக் குழியோரம் வைத்து, பின்னாலேயே நடந்து, சுற்றிச் சுற்றி வெளியே வந்தார். ஓர் இடத்திலும் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கால் பட்ட இடத்தை எல்லாம் அடுத்த சுற்றில் மிதியடி அழித்துக்கொண்டே வந்தது. வட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தபோது உள்ளே ஒரு சுவடு இல்லை. இசைத்தட்டில் இருப்பது மாதிரி மெல்லிய வளையங்கள் மட்டும். வெயில் சாய்ந்திருந்ததால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு நிழல். அம்மா மார்கழியில் போடுகிற கோலத்தைத் தவிர தரையில் அவ்வளவு சுத்தமான ஒரு காரியத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

நாலு பேர், ஒரு நாள், 200 கன அடி மணல். நாற்பதடி வட்டத்துக்கு இரண்டு அங்குலம் என்று கணக்குப் போட்டால் அவ்வளவுதான் வரும். கட்டட வேலைக்காரர்கள் பேச்சில் இரண்டு யூனிட்.

இதை வெறும் ஏழ்மையின் ஏற்பாடாகப் பார்ப்பவர்களோடுதான் எனக்கு வழக்கு. புல் இல்லை, அதனால் மணல். புல் வந்தது, மணல் போனது. இதில் அழ என்ன இருக்கிறது என்கிறார்கள். பிரௌன் வெறும் மாற்றுப்பொருளாக இருந்திருந்தால் அது சரி. ஆனால் மைதானத்தை எப்படி அமைப்பது, பந்தை எப்படிக் கொண்டுபோவது என்பதையெல்லாம் மணல் தனக்கேற்ப மாற்றியிருந்தது. ஒரு தனிக் கட்டுமான முறையே அதிலிருந்து வளர்ந்திருந்தது.

முதலில் அளவு. இன்றைய ஒரு கிரீன் 5,000, 6,000 சதுர அடி இருக்கும். பிரௌன் 1,250-க்குப் பக்கம், அதாவது நாலில் ஒரு பங்கு. தொலைவிலிருந்து பார்த்தால் குறி அவ்வளவு சின்னது. அடுத்தது மட்டம். புல் கிரீனில் மேடு பள்ளம் வைத்து ஆட்டக்காரனைத் திணறடிக்கலாம். மணலில் அது முடியாது. சரிவு வைத்தால் முதல் மழையில் மணல் கரைந்து ஓரத்துக்குப் போய்விடும். ஆகவே வட்டத்துக்குள் வித்தை காட்ட வழியில்லை. வட்டத்தை எங்கே வைப்பது, எந்தக் கோணத்தில் அதை நோக்கி வரவைப்பது, அதைச் சுற்றி நிலம் எப்படி விழுகிறது என்பதில்தான் வடிவமைத்தவனின் மூளை வேலை செய்ய வேண்டும்.

தங்கவயலில் ஒரு பிரௌன் இருந்தது. மெல்லிய சரிவில் இடப்பக்கம் மண்ணை வெட்டி, வலப்பக்கம் நிரப்பி, கருங்கல் அடுக்கித் திட்டு கட்டியிருந்தார்கள். நம் ஊரில் சரிவில் வீடு கட்டும்போது செய்கிற அதே வேலை. திட்டுக்கு முன்னால் முப்பது கெஜம் இறுகிய செம்மண் தரை, வலது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து. புது ஆட்டக்காரர் குழியைப் பார்த்து உயரத்தில் அடிப்பார். பந்து நேரே வந்து அந்தக் கெட்டித் தரையில் விழுந்தால் ஒரே துள்ளு, கருங்கல்லுக்கு அந்தப் பக்கம் முட்செடியில். ஊர் தெரிந்தவர் குழியைப் பார்க்கவே மாட்டார். இருபது கெஜம் முன்னாலேயே, இடது ஓரமாக, தாழ்வாக ஓர் அடி. பந்து தரையில் பட்டு, சாய்மானத்தோடு உருண்டு, வளைந்து, வேகம் குறைந்து, விருந்தாளி செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் ஏறுவதுபோல மெதுவாக வட்டத்துக்குள் ஏறும். அந்த முப்பது கெஜ செம்மண்தான் அந்தக் குழியின் உயிர். அதைப் போட்டவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஏதோ ஒரு சுரங்க எஞ்சினியர் இடம் காட்டியிருப்பார். ஏதோ ஒரு மேஸ்திரி மண்ணைப் படித்திருப்பார்.

வட்டத்துக்குள் வந்த பிறகு நடப்பது வேறொரு சடங்கு. பலர் நடந்து சுவடாகிப்போன மணலில் பந்து நேராகப் போகாது. கேடிப் பையன் மிதியடியை எடுத்துப் பந்திலிருந்து குழிவரை ஒரே இழுப்பாக இழுப்பான். ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பாதை பிறக்கும். ஆட்டக்காரர் அந்தப் பாதையில் உருட்டுவார். பாதை கோணினால் பந்து கோணும். துரையின் பந்தயப் பணம் பதிமூன்று வயதுப் பையனின் கையில் நின்ற கணம் அது. மாமாவின் தோழர்கள் அதில் தேர்ந்திருந்ததற்குக் காரணம் உண்டு. தெருவில் கோலிக்குண்டுக்குக் குழி பறித்து, விரலால் மண் வழித்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். மணலைப் படிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆடி மாதக் காற்றில், சுரங்கக் கழிவு குவிந்த சைனேட் மேட்டிலிருந்து சாம்பல் நிறத் தூள் எழும்பி ஊரையே மூடும். பிரௌன் மேலும் படியும். ஒரு வளையம் இழுத்தால் மறுபடி ஆடலாம். மழைக்கும் அப்படித்தான். எண்ணெய் தண்ணீரை ஒட்டவிடாது. மழை விட்ட அரைமணியில் ஆட்டம் தொடங்கிவிடும்.

இது நம் ஊரின் ஒதுக்குப்புற விசித்திரம் என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்று ஓர் ஊர். அங்குள்ள இரண்டாம் எண் மைதானம் உலகின் தலைசிறந்த கோல்ஃப் மைதானங்களில் ஒன்று. அமெரிக்க ஓப்பன் 2024-லும் அங்கேதான் நடந்தது. ஸ்காட்லாந்திலிருந்து போன டொனால்ட் ராஸ் அதை 1907-ல் பதினெட்டுக் குழிகளாக முடித்தார். 1935 வரை, ஏறக்குறைய 28 வருடம், அங்கே இருந்தது புல் கிரீன் இல்லை. மணல். தட்டையான மணல். அந்த வெயிலுக்குத் தாங்கும் புல் அப்போது அவர்களிடமும் இல்லை. ராஸ் தன் திறமையையெல்லாம் மணலைச் சுற்றியுள்ள நிலத்தில்தான் காட்ட வேண்டியிருந்தது. இன்று வல்லுநர்கள் வியந்து எழுதுவது அந்த மைதானத்தின் கிரீன் ஓரங்களையும் அணுகுமுகங்களையும் பற்றித்தான். மணல் காலத்தில் தேடிய கல்வி அது என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊர்களில் எண்ணெய் மணல் கிரீன்கள் இன்றும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலும் இருக்கின்றன, அங்கும் பெயர் பிரௌன்தான். ஆட்ட விதிகளும் கிரீனுக்குப் புல் வேண்டும் என்று கேட்கவில்லை. பந்தை உருட்டுவதற்கென்று தனியாகப் பக்குவப்படுத்திய இடம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றன.

அப்படியானால் ஏன் செத்தது? பிரௌனைக் கொன்றது நம் அறுகம்புல்லின் சீமைப் பேத்தி. பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகை வெள்ளைக்காரர்கள் பெர்முடா புல் என்பார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி அதை ஓர் ஆப்பிரிக்க அறுகோடு இனம் கலந்து 1956-ல் டிஃப்கிரீன் என்ற வகையை வெளியிட்டார். அதிலிருந்து 1965-ல் டிஃப்ட்வார்ஃப் வந்தது. விதை வைக்காத மலட்டுப் புல். தண்டை நறுக்கித்தான் நட வேண்டும். வெயிலைத் தாங்கும், அடியோடு ஒட்ட நறுக்கினாலும் உயிர்விடாது. ராஸுக்குக் கிடைக்காத புல் அது. பிறகு எந்த ஊருக்கும் மணல் ஒரு கட்டாயமாக இருக்கவில்லை. நம் மைதானங்களும் ஒவ்வொன்றாக மாறின. தொலைக்காட்சியில் பச்சைப் பசேலென்று பார்த்த கண்ணுக்குப் பழுப்பு வட்டம் கௌரவக் குறைவாகப் பட்டது. வெளியூர்க்காரரைக் கூட்டிவந்து காட்டக் கூசினார்கள். புல் கிரீனில் பழகியவரோடு போட்டிக்குப் போகும் பையனுக்கும் புல்தான் தேவைப்பட்டது. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை.

பிரௌனின் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. அந்தப் பழைய இன்ஜின் ஆயில் விஷம். பதினெட்டு வட்டத்தில் வருடாவருடம் ஊற்றினால் மழையோடு இறங்கி நிலத்தடி நீரில் சேரும். மாமாவின் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு கடைசிவரை போகவில்லை. ஆற்று மணலும் அன்று மாட்டுவண்டியில் வந்து இறங்கும் பொருள். இன்று அதை அள்ளுவதே ஆற்றுக்குச் செய்யும் கொடுமை. இப்படிப்பட்ட காரணங்களைச் சொல்லி பிரௌனை எடுத்திருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். யாரும் அதைச் சொல்லி எடுக்கவில்லை. பார்க்க அழகில்லை என்றுதான் எடுத்தார்கள்.

வந்து உட்கார்ந்த புல்லின் கணக்கைப் பாருங்கள். ஒரு கிரீன் 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெயில் நாளில் 5 மில்லிமீட்டர் தண்ணீராவது அதற்குத் தேவை. ஒரு கிரீனுக்கு 2,500 லிட்டர், பதினெட்டுக்கு 45,000 லிட்டர், ஒரு நாளைக்கு. இது உருட்டும் இடத்துக்கு மட்டும். நடுவில் கிடக்கும் பரந்த புல்தரையைச் சேர்க்கவில்லை. மைசூரில் இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. கிருஷ்ணராஜ சாகர் அணை 1911-ல் தொடங்கியதற்குத் தங்கவயலுக்குத் தடையில்லாமல் மின்சாரம் வேண்டும் என்பதும் ஒரு காரணம். அந்த அணையின் நீர்மட்டத்தைத் தமிழ்நாட்டில் டெல்டாக்காரர்கள் தினமும் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கவயலின் குடிநீரோ பேத்தமங்கலா ஏரியிலிருந்து வந்தது. அது பாலாற்று நீர். அதே ஆறு வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போகும்போது மணல் மட்டும்தான் மிஞ்சுகிறது என்பதை அந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில், அந்தத் தண்ணீரில், ஒரு சொட்டும் கேட்காமல் ஓர் ஆட்டம் நடந்தது. பிரௌன் காலமெல்லாம் குடித்த தண்ணீர் வானத்திலிருந்து விழுந்தது மட்டும்.

பைன்ஹர்ஸ்ட் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 2010, 2011-ல் அந்த மைதானத்தைப் புதுப்பித்தவர்கள் சுமார் 35 ஏக்கர் புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு மணலையும் காட்டுப்புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். தெளிப்பான்களின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். கிரீன்கள் புல்லாகவே நீடித்தன. சுற்றுப்புறம் பழுப்புக்குத் திரும்பியது. அதற்கு உலகம் கைதட்டியது. நம்மிடம் ஏற்கனவே இருந்ததை நாம் வெட்கப்பட்டு அழித்த பிறகு, அவர்கள் அதன் ஒரு பங்கைப் பெருமையாக மீட்டுக்கொண்டார்கள்.

பணக்காரன் ஆட்டத்துக்கு நீ ஏன் ஒப்பாரி வைக்கிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. என் வீட்டிலேயே கேட்டார்கள். ஆடியவன் பணக்காரன், உண்மை. ஆனால் பிரௌனைச் சல்லடையில் சலித்தவன், இறுக்கியவன், இழுத்தவன், காவல் காத்தவன் எல்லாம் நம் ஆட்கள். அவர்களுடைய கைத்தொழில் அது. பானை வனைவதற்கும் களம் மெழுகுவதற்கும் இருக்கிற மரியாதை அதற்கும் உண்டு. 2009-ல் இந்தியன் ஓப்பன் கோப்பையை வென்ற பெங்களூர் சி. முனியப்பா கேடியாகப் பை தூக்கத் தொடங்கியவர். ஒருவர் அப்படி மேலே வந்தார். வர முடியாமல் போன நூற்றுக்கணக்கானவர்களின் விரலில் இருந்த அறிவு பிரௌனோடு போயிற்று. புல்லைப் பராமரிக்க இன்று இயந்திரமும் மருந்தும் படிப்பும் இருக்கின்றன, நல்லதே. மணலைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. 120 வருடத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் கொடுத்த ஊர். அன்றைய தினம் வேலை போனவர்களைப் பற்றியும், அதற்குப் பிறகு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலிக்குப் போய் ராத்திரி திரும்பும் தலைமுறையைப் பற்றியும் எழுதத் தனிப் புத்தகமே வேண்டும். அந்தப் பெரிய சாவுக்குப் பக்கத்தில் ஒரு மணல் வட்டத்தின் சாவு யார் கண்ணிலும் படாமல் போனதில் வியப்பில்லை. நாங்கள் அதற்கு முன்பே மைசூருக்கு வந்துவிட்டோம், பி.இ.எம்.எல். இரண்டு ஊரிலும் ஆலை வைத்திருந்ததால் எங்களைப் போல் பல குடும்பங்கள் வந்தன. மாமா இங்கே வந்த முதல் வாரமே பந்தயத் திடல் வேலியைத் தேடிப் போனார். கொஞ்ச நேரம் நின்றார். "எல்லாம் புல்லாக்கிட்டாங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பழைய தெருவுக்குப் போய் வீடு இல்லாததைப் பார்த்துவிட்டு வந்தவர் பேசுவதுபோல் இருந்தது. அதன்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் காலமான பிறகு பரணில் அந்த மிதியடிக் கட்டை கிடைத்தது. நார் தேய்ந்து, ஆணிகள் துருவேறி, கட்டையின் ஓரத்தில் மட்டும் அந்தக் கருகல் வாடை.

கோல்ஃப் மைதானங்கள் நிரந்தரமல்ல என்பதைச் சென்னை வாசகர்கள் அண்மையில் பார்த்தார்கள். கிண்டி பந்தயத் திடலின் 160 ஏக்கர்ச் சொச்சம் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. ஓடுதளத்துக்கு உள்ளே, மைசூரில் இருப்பதுபோலவே, கோல்ஃப் மைதானமும் இருந்தது. அந்த நிலம் பொதுமக்களுக்குப் பூங்காவாகவும் குளமாகவும் பயன்படுமென்றால் எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் எந்த மைதானத்தின் நில அமைப்பையும் யாரும் வரைந்து வைக்கவில்லை என்பதில் வருத்தம் உண்டு. கோயிலுக்கு அளவு எடுக்கிறோம், பங்களாவுக்கு எடுக்கிறோம். மண்ணை வெட்டி மண்ணை நிரப்பிச் செய்த வேலைக்கு மட்டும் அளவு எடுக்கத் தோன்றுவதில்லை. முள் மண்டிப்போனால் அதுவும் கட்டடம்தான் என்று அடையாளம் காட்டுவதற்கு ஆள் இருக்காது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மைசூரில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு, அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது. பதினெட்டுக் கிரீன்களையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கென்று ஒதுக்கிய ஏதாவதொரு மூலையில், சாமுண்டி மலை தெரிகிற பக்கமாக, நாற்பதடியில் ஒரே ஒரு பிரௌன் போடுங்கள். ஆற்று மணல் வேண்டாம். எம்-சாண்டைச் சலித்துப் பாருங்கள். இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். கன்னடத்தில் ஹொங்கே என்று சொல்கிற புங்க எண்ணெய் இந்த ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது, அதில் பிசைந்து பாருங்கள். இரண்டு யூனிட் மணலும் நாலு ஆளின் ஒரு நாள் கூலியும்தான் செலவு. இழுக்கிற கட்டை என்னிடம் இருக்கிறது. நாரை மட்டும் மாற்றித் தருகிறேன்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தங்கவயலிலோ வேறு ஊரிலோ உங்கள் வீட்டில் யாராவது பை தூக்கியிருந்தால், பிரௌன் இழுத்திருந்தால், அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை டின் ஆயில், எந்த ஆற்று மணல், எந்தக் கையால் இழுப்பார்கள், எந்தப் பக்கம் சரிவு. அவர்களில் இளையவருக்கே இப்போது எழுபது வயது.